நிற்கும்போது நடுங்கும் எஞ்சின்: கொழும்பில் கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரத்தில் காலி வீதியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற கார் ஓடுவதைவிட நிற்பதே அதிகம். நிற்கும்போதுதான் எஞ்சினின் குறையும் வெளிப்படுகிறது: ஸ்டியரிங் அதிர்கிறது, ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது, சில வேளை கலர் லைற்றிலேயே எஞ்சின் நின்றுவிடுகிறது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் மாற்ற முடியாமல் ஓட்டிய கார்களுக்கு இன்று வயது ஏறிவிட்டது. இந்தக் கேள்விகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: ஐட்லிங் எவ்வளவு இருக்க வேண்டும்?

அக்ஸிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தன்னைத் தானே தாங்கி ஓடும் வேகமே ஐட்லிங். நன்றாகச் சூடேறிய பெற்றோல் எஞ்சினில் அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 850 சுற்றுகள் வரை இருக்கும். உங்கள் காருக்குரிய சரியான அளவை அதன் கைநூலிலோ, சில கார்களில் பொனற்றின் உட்புறம் ஒட்டியுள்ள தாளிலோ காணலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1200, 1500 வரை ஏறி, சூடேறச் சூடேற இறங்குவது இயல்பு. ஏசி போட்டதும் சற்று ஏறுவதும் இயல்பே. முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, அந்த எண்ணில் அசையாமல் நிற்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

கேள்வி: ஓடும்போது நன்றாக இருக்கும் கார், நின்றால் மட்டும் ஏன் நடுங்குகிறது?

ஐட்லிங்கில் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றும் எரிக்கும் பெற்றோலும் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு சிறு பிழை சேர்ந்தாலும் கலவை முழுவதும் கெட்டுவிடுகிறது. ஒரு தேக்கரண்டி உப்பு கூடினால் ஒரு கோப்பைச் சொதி வாயில் வைக்க முடியாது. கல்யாண வீட்டுக் கிடாரத்தில் அதே உப்பு யாருக்கும் தெரியாது. எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது அது பெரிய கிடாரம். அதனால்தான் வெடித்த குழாய், அழுக்கேறிய த்ரொட்டில் (காற்றை உள்ளே விடும் தகடு), தேய்ந்த பிளக் போன்ற சிறு குறைகள் கலர் லைற்றில் நிற்கும்போது தலைகாட்டி, பேஸ்லைன் வீதியில் வேகம் பிடித்ததும் மறைந்துவிடுகின்றன.

கேள்வி: என்னுடையது மூன்று சிலிண்டர் கார். கொஞ்சம் நடுங்குவது வழக்கம்தான் என்கிறார்கள். உண்மையா?

ஒரு எல்லை வரை உண்மை. 700 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினில் விநாடிக்கு ஏறத்தாழ 23 தடவை எரிதல் நிகழும். மூன்று சிலிண்டரில் 17, 18 தடவைதான். இடைவெளி கூடுவதாலும், எஞ்சின் முன்பின்னாக ஆடும் இயல்பு அந்த அமைப்பிலேயே இருப்பதாலும், வெகன் ஆர், அல்ட்டோ, ஒரு லீற்றர் விட்ஸ் போன்றவை ஆசனத்தில் இருப்பவருக்குச் சிறு அதிர்வைத் தரவே செய்யும். ஆனால் அந்த அதிர்வு ஒரே சீராக, தாளம் தப்பாமல் இருக்க வேண்டும். இடையிடையே ஒரு அடி விட்டுவிட்டு வருவதுபோல் இருந்தால் அது இயல்பு அல்ல. நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டால் போவது கால் பங்கு. மூன்றில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும் என்பதால், இத்தகைய கார்களில் சிறு மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் எரிதல் தவறுவது) கூடப் பலமாக உணரப்படும்.

கேள்வி: பிழை எஞ்சினிலா, எஞ்சின் மவுன்ற்றிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முள்ளைப் பாருங்கள். கார் முழுவதும் அதிர, முள் ஆடாமல் நின்றால், எஞ்சின் சரியாக ஓடுகிறது, அதைத் தாங்கும் ரப்பர்தான் தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓட்டோ கியர் காரில் பிறேக்கை அழுத்திக்கொண்டு 'டி'யிலிருந்து 'என்'னுக்கு மாற்றியதும் அதிர்வு சட்டென அடங்கினால் இந்தச் சந்தேகம் வலுக்கும். புகைபோக்கியருகே காதைக் கொடுத்தும் அறியலாம்: சத்தம் சீராக வந்தால் மவுன்ற், விட்டு விட்டு வந்தால் எஞ்சின். பொனற்றைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிறேக்கும் கால் பிறேக்கும் பிடித்தபடி 'டி', 'ஆர்' என மாற்றும்போது எஞ்சின் ஒரு பக்கமாக எம்பி எழுகிறதா என்று பக்கவாட்டில் நிற்கும் ஒருவர் பார்க்கலாம். காருக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கக் கூடாது.

கேள்வி: கராஜுக்குப் போகும் முன் நானே கவனிக்கக்கூடியவை என்ன?

எப்போது நடுங்குகிறது என்பதைக் கவனியுங்கள். கராஜ் பாஸிடம் "கார் நடுங்குகிறது" என்று மட்டும் சொன்னால், அவர் கைக்கு எட்டிய பாகத்திலிருந்து தொடங்குவார். நேரத்தையும் நிலையையும் சேர்த்துச் சொன்னால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் நடுங்கி, சூடேறியதும் சரியாகிறது என்றால், கலவையைக் கூட்டிக் குறைக்கும் கூலன்ற் வெப்பச் சென்சர் பொய்யான அளவைக் காட்டுகிறதா, இறுகிப்போன மனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட் குளிரில் இடைவெளி விட்டுச் சூட்டில் அடைத்துக்கொள்கிறதா, இரவில் பெற்றோலைத் தெளிக்கும் ஏதாவது ஒரு இன்ஜெக்டர் ஒழுகிச் சிலிண்டரை நனைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாறாக, அரை மணி நேரம் நெரிசலில் நின்று சூடேறிய பிறகுதான் தொடங்குகிறது என்றால், என் முதல் சந்தேகம், பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயில்மீது விழும். உள்ளே கம்பிச்சுற்றின் காப்பு வெடித்த கொயில் குளிரில் நன்றாக வேலை செய்து, சூட்டில் கைவிடும். புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து முழுதாக மூடாமல் நின்றாலும் ஐட்லிங் நடுங்கும்.

ஏசி போடும்போதும், நிறுத்திய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதும் மட்டும் தள்ளாடினால், கூடுதல் சுமைக்கு ஏற்பக் காற்றைக் கூட்ட எஞ்சினால் முடியவில்லை. த்ரொட்டில் பொடியில் அழுக்கு இருக்கலாம், பற்றரியோ ஓல்ட்டர்னேட்டரோ பலவீனமாக இருக்கலாம். டாங்கியை நிரப்பிய உடனே ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்பட்டு, சில நிமிடம் நடுங்கித் தெளிந்தால், டாங்கியின் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பேர்ஜ் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்புண்டு. பம்ப் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம்" என்று விளிம்புவரை நிரப்பிக்கொள்ளும் பழக்கம், அந்த ஆவியைப் பிடித்துவைக்கும் வடிகட்டியைப் பெற்றோலில் நனைத்துக் கெடுக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் மிஸ் ஆகும் கார்கள் தனி வகை. பிளக் குழிக்குள் நீர் இறங்கியிருக்கும், அல்லது பழைய பிளக் வயர்களில் ஈரத்தினூடே மின்சாரம் கசியும்.

கேள்வி: 'வேக்கம் லீக்' என்று சொல்கிறார்களே, அது என்ன?

த்ரொட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் உள்ளிழுக்கும் பக்கத்தில் வெளிக்காற்றைவிட அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். நல்ல எஞ்சினில் வேக்கம் கேஜைப் பொருத்தினால், கடல் மட்டத்திலுள்ள கொழும்பில் முள் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டி அசையாமல் நிற்கும். (அதே காரை 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஐந்து, ஆறு அங்குலம் குறைவாகக் காட்டும்; அங்கே அது பழுதல்ல, மலைக் காற்றின் இயல்பு.) அந்த வெற்றிடத்துக்குள், கணக்கில் வராத காற்று எங்காவது ஒரு வெடிப்பின் வழியே நுழைவதே வேக்கம் லீக்.

காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் சென்சர் உள்ள எஞ்சினில், திருட்டு வழியாக வந்த காற்றுக்குப் பெற்றோல் சேர்வதில்லை. கலவை மெலிந்து எஞ்சின் நடுங்கும். மனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்து கணக்கிடும் எஞ்சினிலோ, வந்த காற்றுக்கும் பெற்றோல் சேர்க்கப்படுவதால் நடுக்கத்தைவிட ஐட்லிங் ஏறி நிற்பதே முதலில் தெரியும். இந்த வேறுபாட்டை அறியாமல் தேடி, பல கராஜ்களில் நாட்கள் வீணாகின்றன.

தேடும் இடங்கள்: ஏர் ஃபில்டருக்கும் த்ரொட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயின் மடிப்புகள், எஞ்சினுள் சேரும் வாயுவை மீண்டும் உள்ளிழுக்க அனுப்பும் பி.சி.வி. குழாய், பிறேக் பூஸ்டர் குழாய், மனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்கள். எஞ்சின் ஓடும்போது மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய குறட்டால் நசுக்கிப் பார்க்கலாம். எதை நசுக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அந்த வழியில் ஆராய வேண்டும். பிறேக்கை அழுத்திப் பிடிக்கும்போது ஐட்லிங் மாறினால் பூஸ்டரைச் சந்தேகியுங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் அது பிறேக்கின் பலத்தோடும் சம்பந்தப்பட்டது. சூடான எஞ்சின்மீது தீப்பற்றும் ஸ்பிரேயை அடித்துச் சோதிக்கும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை; புகை செலுத்திப் பார்க்கும் கருவி இப்போது கொழும்பில் பல கராஜ்களில் இருக்கிறது.

என் பழைய காரில் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றேன். ஒரு கராஜில் பிளக் மாற்றினார்கள், பிறகு ஒரு கொயில், பிறகு இன்ஜெக்டர் கழுவினார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. கடைசியில் பி.சி.வி. குழாயின் அடிப்பக்க வளைவில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு வெடிப்பு. அந்தக் குழாயின் விலை, அதற்கு முன் செலவழித்ததில் ஒரு சிறு துண்டுகூட இல்லை.

கேள்வி: எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் இணைப்பாக ஒரு கணம் கழற்றி மாட்டிப் பாருங்கள். நல்ல சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் எஞ்சின் உடனே தள்ளாடும்; ஏற்கெனவே செத்திருக்கும் சிலிண்டரின் இணைப்பைக் கழற்றினால் எந்த மாற்றமும் வராது. கொயிலின் இணைப்பைக் கழற்றியும் இதைச் செய்கிறார்கள், ஆனால் அப்போது எரியாத பெற்றோல் புகைபோக்கிக்குள் சென்று, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைச் சுட்டுவிடும். பழைய பிளக் வயர்களை ஓடும்போது கையால் இழுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

சிலிண்டர் தெரிந்ததும், புதிதாக ஒன்றையும் வாங்காமல், அதன் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே நகர்ந்தால் கொயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் பிளக்கை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) என்று ஆழமாகப் போக வேண்டியிருக்கும். கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியைக் காட்டும், ஒயிலில் நனைந்த முனை பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ காட்டும். சாதாரண பிளக் 20,000 முதல் 30,000 கிலோமீற்றரும், இரிடியம் பிளக் ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரும் உழைக்கும். மூன்று மாதத்தில் தேய்ந்துபோன 'இரிடியம்' பிளக் கிடைத்தால் அது போலி என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: த்ரொட்டில் பொடியைக் கழுவியதும் ஐட்லிங் 1500இல் நிற்கிறது. கெடுத்துவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. தகட்டைச் சுற்றிக் கரி சேரச் சேர, எஞ்சின் கணினி அதைச் சற்றே கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகியிருந்தது. கரி போன பிறகும் அதே அளவு திறந்து வைப்பதால் காற்று கூடிவிடுகிறது. கணினிக்குப் புதிய நிலையை மீண்டும் கற்பிக்க வேண்டும். பற்றரியைக் கழற்றி மாட்டிய பின்னும் இதே தேவை எழலாம். சில கார்கள் சில நாள் ஓட்டத்தில் தாமாகவே கற்றுக்கொள்ளும், நிசான் போன்ற சிலவற்றில் ஸ்கேனராலோ வரையறுத்த ஒரு முறையாலோ செய்ய வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் த்ரொட்டிலில், இக்னிஷன் போட்டிருக்கும்போது தகட்டை விரலால் தள்ளித் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் பல்சக்கரம் கெடும், விரலும் நசுங்கும்.

கேள்வி: செக் எஞ்சின் லைற் எரியவில்லை. அப்படியானால் பழுது இல்லைதானே?

அப்படி இல்லை. குறை ஒரு எல்லையைத் தாண்டினால்தான் லைற் எரியும். அதற்கு வெகு முன்பே ஸ்கேனரில் தடயம் இருக்கும். பழுதைக் குறிக்கும் கோட் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். பி0300 எந்தச் சிலிண்டர் என்று குறிக்காத மிஸ்ஸிங், பி0301 முதல் பி0304 வரை சிலிண்டர் எண்ணோடு கூடிய மிஸ்ஸிங், பி0171 மெலிந்த கலவை, பி0507 எதிர்பார்த்ததைவிடக் கூடிய ஐட்லிங். இவை அடையாளங்களே தவிர, எந்தப் பாகத்தை வாங்குவது என்ற சீட்டு அல்ல.

கேட்டுப் பார்க்க வேண்டியது ஃபியுவல் ட்ரிம். கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் பெற்றோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. பூச்சியத்தின் இரு பக்கமும் 5 வரை ஆடுவது இயல்பு; 10ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஐட்லிங்கில் +18 காட்டி, 2500 சுற்றில் +3க்கு இறங்கினால் வேக்கம் லீக். ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகமும் சுமையும் கூடக் கூட ஏறினால் பெற்றோல் பம்ப் அல்லது ஃபில்டர். இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்துகாட்டும் ஸ்கேனர்காரர் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

லைற் நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தால் கடும் மிஸ்ஸிங். கொன்வேர்ட்டர் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்று பொருள்.

கேள்வி: ஒக்டேன் 92க்குப் பதிலாக 95 அடித்தால் நடுக்கம் போகுமா?

போகாது. ஒக்டேன் என்பது சுமையின்போது தட்டல் வராமல் தாங்கும் திறன். ஐட்லிங்கில் சுமை மிகக் குறைவு. பெற்றோலில் நீர் கலந்திருந்தால் மட்டும், நிரப்பிய சில கிலோமீற்றருக்குள் நடுக்கம் தொடங்கும். அப்போதும் மருந்து ஒக்டேன் அல்ல, டாங்கியை வடித்தல். 2022 தட்டுப்பாட்டில் கேன்களில் சேமித்த பெற்றோலை மாதக்கணக்கில் வைத்திருந்து ஊற்றிய கார்களின் இன்ஜெக்டர்களில் பிசின் படிந்திருப்பதைப் பிறகு கண்டதுண்டு.

கேள்வி: வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனைத் தாளிலிருந்து ஏதாவது தெரியுமா?

தெரியும், ஆனால் அதைப் பெரும்பாலோர் 'பாஸ்' என்ற சொல்லோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். பெற்றோல் காரில் ஐட்லிங்கிலும் உயர்ந்த சுற்றிலும் காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் அளக்கப்படுகின்றன. ஐட்லிங்கில் ஹைட்ரோகாபன் மட்டும் எகிறி மற்றது தாழ்ந்திருந்தால், பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது: மிஸ்ஸிங் அல்லது மிக மெலிந்த கலவை. காபன் மொனொக்சைட் உயர்ந்திருந்தால் பெற்றோல் மிகுதி. சென்ற ஆண்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஹைபிரிட் காரில் ஐட்லிங்கே இல்லையே, பிறகு ஏன் குலுங்குகிறது?

எஞ்சின் உயிர்பெறும் கணத்தில் குலுங்குகிறது. மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈ.ஜி.ஆர். கூலரும் மனிஃபோல்டின் சிறு துவாரங்களும் கரியால் அடைபடுவது நன்கு அறியப்பட்ட குறை. காலை ஸ்டார்ட்டில் சில விநாடி பலமாக உதறி அடங்குவதோடு கூலன்ற்றும் மெல்லக் குறைந்துவந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாக ஒரு சிலிண்டருக்குள் நீர் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதை நாள் கடத்தக் கூடாது. உயர் மின்னழுத்தம் செல்லும் செம்மஞ்சள் நிறக் கம்பிகளை வீட்டில் எவரும் தொட வேண்டாம்.

கேள்வி: எல்லாம் மாற்றியாயிற்று, இன்னும் நடுங்குகிறது. இனி என்ன?

கொம்பிரஷன். இதை முதலிலேயே பார்த்திருக்கலாம் என்பது வேறு கதை. ஆரோக்கியமான பெற்றோல் எஞ்சினில் அழுத்தம் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும்; ஆனால் எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கிடையிலான ஒற்றுமையே முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால், அதற்குள் சில துளி ஒயில் விட்டு மீண்டும் அளப்பார்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஹொண்டா ஃபிட் போன்றவற்றில் வால்வு இடைவெளியைத் திருகாணியால் சரிசெய்ய வேண்டும். அது இறுகிப்போனால் வால்வு முழுதாக மூடாமல் ஐட்லிங் கெடும், பிளக் மாற்றி மாற்றியே காலம் போய்விடும்.

கேள்வி: ஐட்லிங்கைக் கூட்டிவிட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. போதாதா?

போதாது. வேகத்தைக் கூட்டினால் குறை மறையும், தீராது. பெற்றோல் செலவு கூடும், ஓட்டோ காரில் பிறேக்கை விட்டதும் வண்டி பாயும்.

கேள்வி: பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பாகம் வாங்கலாமா?

த்ரொட்டில் பொடி, மனிஃபோல்ட் போன்றவற்றை, பாக எண் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். கொயிலை, பொருத்திச் சூடேற்றிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள். ரப்பர்க் குழாய், கேஸ்கெட், மவுன்ற், ஒக்சிஜன் சென்சர் ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் பயனில்லை.

கேள்வி: திருத்திய பின் சரியாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

கராஜ் வாசலில் அல்ல. கோட்களை அழித்தபின் கணினி மீண்டும் கற்க நேரம் தேவை. உடனே பார்க்கும் ட்ரிம் எண்கள் எதையும் நிரூபிப்பதில்லை. இரண்டு மூன்று நாள் வழமைபோல ஓட்டுங்கள். ஒரு காலையில், இரவெல்லாம் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து முள்ளைப் பாருங்கள்; பிறகு நெரிசலில் நன்றாகச் சூடேறியபின் 'டி'யில் பிறேக்கோடு நின்று, ஏசியையும் ஹெட்லைற்றையும் போட்டுப் பாருங்கள். முன்பு எந்த நிலையில் நடுங்கியதோ அந்த நிலையிலேயே சோதிக்க வேண்டும். அதன்பின் ஒருமுறை ஸ்கேனரில் இணைத்து, ஐட்லிங்கிலும் 2500 சுற்றிலும் ட்ரிம் எண்களைத் தாளில் குறித்து, மாற்றிய பாகத்தின் பில்லோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை நடுங்கும்போது ஒப்பிட அந்த இரண்டு எண்கள் தேவைப்படும்.